சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அழைப்பு வாட்ஸ்அப்பில் போய் எல்லாருக்கும் நீலக்குறி விழுந்துவிட்டது என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

செயலவைக் கூட்டம் ஆறு முறை கூட்டினோம். இரண்டில் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை (கோரம்) சேராததால் பசியாறிவிட்டுக் கலைந்தோம். பொங்கல் விழா நடந்தது. ஜனவரி 25, தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். மே மாதம் மண்டபத்தில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் பொதுப்பணி. ஆகஸ்டில் காற்பந்து, தோற்றோம்.

இனி மயில் விஷயம். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இதைப் பற்றிப் பேசாதவர் இல்லை, என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆகவே எழுத்திலேயே பதில் வைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் மண்டபத்து வாசலில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த எட்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு இதைத் தொடங்கினேன். கணினியில் ஒரு விசையைத் தட்டினால் காகித மயில் கழுத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் திட்டம். நிரல் ஏற்றி மோட்டார்களை ஆட்டுவிக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகை ஒன்று, 9 கிராம் எடையுள்ள எஸ்ஜி 90 வகை சர்வோ மோட்டார் நான்கு. கழுத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, தோகைக்கு இரண்டு.

சாதாரண மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ சொன்ன கோணத்துக்குப் போய் அங்கேயே பிடித்து நிற்கும். நொடிக்கு 50 முறை அதற்கு ஒரு மின்துடிப்பு போகிறது. துடிப்பு சுமார் 1 மில்லிவினாடி நீடித்தால் ஒரு பக்கம், 1.5 என்றால் நடு, 2 என்றால் மறு பக்கம். தலைவர் அண்ணன் புரியவில்லை என்றார். கங்காணி விசில் ஊதுவதாக வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நேரம் ஊதுகிறார் என்பதில்தான் உத்தரவு இருக்கிறது என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்.

ஏ, டி கழுத்துக்கு. டபிள்யூ, எஸ் தலைக்கு. இடைவெளி விசையைத் தட்டினால் தோகை விரியும். ஒரு தட்டுக்கு 5 பாகை. முதலில் ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு என்டர் அடிக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் படிவம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி பைத்தான் என்ற கணினி மொழியில் சின்ன நிரல் எழுதி அந்தத் தொல்லையை ஒழித்தாள். 20 பாகைக்குக் கீழும் 160க்கு மேலும் போகாமல் தடுத்தவளும் அவள்தான். ஓரத்தில் போய் முட்டினால் சர்வோ உறுமிக்கொண்டே சூடாகிவிடும்.

தொந்தரவு தோகையில் வந்தது. இடைவெளி விசையைத் தட்டினால் இரண்டு சர்வோவும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும். யுஎஸ்பி கம்பி வழியாக வருவது போதாமல் பலகை அணைந்து மறுபடி எழும்; விரியவேண்டிய தோகை விரியாது, கழுத்து மட்டும் வெடுக்கென்று நடுவுக்கு வரும். தனியாக 5 வோல்ட் அடாப்டர் வாங்கினோம். அப்புறமும் ஒரு சனிக்கிழமை முழுக்க வீண். மயில் பேய் பிடித்ததுபோல உதறியது. அடாப்டரின் நெகட்டிவைப் பலகையின் கிரவுண்டோடு சேர்க்க மறந்திருந்தோம். சர்வோக்களின் பழுப்புக் கம்பிகளை அதனோடு ஒன்றாக முறுக்கிச் செருகியதும் அடங்கியது.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் ஆட்டிக் காட்டினோம். சாத்தே இறைச்சி சுடும் குச்சியில் ஒட்டிய காகிதத் தோகை விரிந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலை அங்கே இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். நாலாவது முறை தட்டினோம், அசையவில்லை. கணினி உயிரோடுதான் இருந்தது, பலகையில் விளக்கும் எரிந்தது, மயில் மட்டும் தோகையைத் தொங்கப்போட்டு நின்றது. போய்ப் பார்த்தால் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர்க் கேத்தலைச் செருகியிருக்கிறார்கள். யார் என்று சொல்லமாட்டேன். அவர் இந்த ஆண்டுச் சந்தாவும் கட்டவில்லை.

சங்கப் பணத்தில் பொம்மை வாங்கினேன் என்ற பேச்சும் காதில் விழுந்தது. சர்வோ ஒன்று பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்). பலகையும் அடாப்டரும் என் சொந்தப் பணம். மீதி ‘பல்வகைச் செலவு’ என்ற தலைப்பில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கவலைப்படும்படி இல்லை.

கவலை சந்தாவில்தான். உறுப்பினர்கள் 61 பேர், கட்டியவர்கள் 23. மாதம் இரண்டு வெள்ளி! தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனவர்கள் பெருநாளுக்கு வந்து மண்டபத்து முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரசீதுப் புத்தகத்தைக் கண்டதும் காருக்கு அவசரம் வந்துவிடுகிறது. இந்தக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். உட்கார்ந்து எழுதுவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆதரவளித்த தலைவர், பொருளாளர், மகளிர் பிரிவினர், மண்டபச் சாவியை வைத்திருக்கும் அக்கா அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பதவிக்கு நான் நிற்பதாக இல்லை. யாராவது முன்மொழிந்தால் அதை அப்போது பார்க்கலாம். மயில் சாமான் அறையில் இருக்கிறது. ஒரு பையன் கழுத்தைக் கையால் திருகியதில் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்துவிட்டது. உலோகப் பற்சக்கரம் உள்ள சர்வோ போடவேண்டும். பிள்ளைகள் இன்னமும் சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறார்கள். தங்கச்சி தன் மடிக்கணினியோடு மேற்படிப்புக்குப் போகிறாள். வீட்டில் பழைய மடிக்கணினி சும்மா கிடந்தால் கொண்டுவந்து கொடுங்கள். ஐந்து விசை வேலை செய்தால் போதும்.