எட்டுப் பேருக்கு நான்கு தட்டு

உ
சிவமயம்
காரைக்குடி

அன்பு ராசாவுக்கு, ஆத்தா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பச்சி தேவகோட்டைக் காரியமாகக் காலையிலேயே போய்விட்டார், இருட்டினால்தான் வருவார். அதற்குள் இதை எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன். போனில் பேசினால் நீ "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று வைத்துவிடுகிறாய்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போக முடியாத ஆபீஸ் பிள்ளைகள் எட்டுப் பேரை நாளை மறுநாள் சாப்பிட வரச் சொல்லிவிட்டேன், சுலபமாக என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்நிய ஊரில் தனியாகக் கிடக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடவேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதுதான் நம் வீட்டுப் பிள்ளை. கடைசி வரியில், தட்டு நான்குதான் இருக்கிறது, பேப்பர் தட்டு வாங்கினால் தப்பா என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வெள்ளைப் பணியாரம் போடு. திடீரென்று ஆள் வந்தால் அதுதான் கைகொடுக்கும், மாவு புளிக்கவேண்டிய வேலையே இல்லை. இரண்டு டம்ளர் பச்சரிசி. ஒவ்வொரு டம்ளரையும் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, சரிந்து விழுகிற அளவு வரும்போது நிறுத்து. அவ்வளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகை சீனியும் கொஞ்சம் பாலும் விட்டுக் கரை. குழிவான சின்னச் சட்டியாக எடுத்துக்கொள். எண்ணெய் காய்ந்ததும் தீயைத் தணித்து ஒரு கரண்டி மாவை நடுவில் ஊற்று. அடியில் போய்த் தானாக மேலே வரும், நீ கரண்டியை வைத்துக் கிண்டாதே. ஓரம் தாழம்பூ மடல் மாதிரி மடிந்து விரிந்தால் பக்குவம் சரி. ஒரு தடவை திருப்பு, சிவக்குமுன் எடுத்துவிடு. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். அரைத்த மாவை வைத்திருந்து சுட்டால் எண்ணெய் குடிக்கும். அதனால் அவர்கள் வருகிற நேரம் பார்த்து அரை.

தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு. பச்சையாக அரைத்து நல்லெண்ணெய் ஊற்று. கத்தரிக்காய் கிடைத்தால் கோசமல்லியும் இடியாப்பமும். இனிப்புக்குக் கவுனி அரிசியை நாளை ராத்திரியே ஊறவை, ஊறின தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவிட்டால் நிறம் நிற்கும். தேங்காய், சீனி, நெய். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பத்து வகை வைத்துவிட்டு நீ அடுப்படியிலேயே நின்றால் வந்தவர்களுக்கு என்ன சந்தோஷம்? ஆனால் மாவை மட்டும் முன்னாலேயே அரைத்து வைத்துவிடாதே.

தனியாக எட்டுப் பேருக்குச் சுட முடியுமா உனக்கு? ஒருவர் சுட, ஒருவர் பரிமாற வேண்டும்.

தீபாவளிக்கு இரண்டு நிமிஷம் பேசினாய். வள்ளியிடம் கொடு என்றேன், குளிக்கிறாள் என்றாய். கார்த்திகைக்குக் கூப்பிட்டபோது தூங்குகிறாள் என்றாய். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சம்பாதிக்கிற பிள்ளை, நல்லது கெட்டது தெரிந்தவன், கேட்டால் வருத்தப்படுவாய் என்று விட்டுவிட்டேன். திருச்சியில் விமானம் ஏறினால் சிங்கப்பூர் நாலரை மணி நேரம்தான். அதற்குள் எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டாய்.

பாட்டையா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த அன்று தெருவே திரண்டு வந்துவிட்டதாம். வீட்டில் இருந்தது அரிசியும் உளுந்தும். ஆயா அதைத்தான் அரைத்துப் போட்டாள். தட்டுப் பற்றாமல் வாழை இலையைத் துண்டு துண்டாகக் கிழித்து உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தாளாம். அன்றைக்கு யாரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் அப்பத்தா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

தட்டு எப்படி நான்கு ஆகும், ராசா? வள்ளி கொண்டுவந்தது இரண்டு டஜன். கல்யாணத்தில் அவள் வீட்டுச் சாமான் பரப்பிய அன்று எண்ணி எடுத்தவள் நான். ஒவ்வொன்றின் அடியிலும் அவள் தலைப்பெழுத்தோடு பெயர் வெட்டியிருக்கும். நான் அங்கே வந்திருந்தபோது பாதியைக் கழுவி உங்கள் அடுப்படி மேல் பலகையில் அடுக்கினேனே. அந்தச் சாமான் எங்கே போயிற்று?

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், இனி மறைக்க என்ன இருக்கிறது.

அந்தப் பொங்கல் லீவு உனக்கு நினைவிருக்கும். அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் நாலு பேர் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்கள், மத்தியானம் இங்கே சாப்பிடட்டுமா அத்தை என்று காலையில் கேட்டாள். நம் வீட்டு இரண்டாம் கட்டு ஒழுகி, வளவு முற்றத்தில் ஓடு குவிந்து கிடந்த நேரம். இந்த லட்சணத்தில் வெளி ஆட்கள் பார்ப்பதா என்று எனக்கு ஒரே வெட்கம். வெட்கம் என்று சொல்லத் தெரியாமல் கோபப்பட்டேன். சமைத்தேன், ஆனால் முகம் கொடுக்கவில்லை. அவள் அலமாரியைத் திறந்து தட்டெடுத்தபோது அந்தப் பெண்கள் காதில் விழவே சொன்னேன்: "அது இந்த வீட்டுச் சாமான். உன் சாமானில் போடு."

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக்குப் போய்த் தன் பெட்டியைத் திறந்து, ஒட்டின காகிதத்தைப் பிரித்துத் துடைத்து, அதில் பரிமாறினாள். சிரித்துக்கொண்டேதான் பரிமாறினாள். அவர்கள் போனபிறகு கிணற்றடியில் உட்கார்ந்து அந்தத் தட்டுகளைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ முகப்பில் இருந்தாய், உனக்கும் கேட்டது. நீ அவளுக்காகப் பேசவில்லை, அப்படி உன்னை வளர்த்தவளும் நான்தான். அதற்கப்புறம் அவள் இந்த வீட்டுக்கு யாரையும் கூட்டிவரவில்லை. நானும் ஒரு நாள்கூடக் கூப்பிட்டு, தப்பு என்மேல்தான் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாகப் போனில் எத்தனையோ பேசியிருக்கிறேன், அதைத் தவிர.

பிள்ளையார் நோன்பன்று மாவில் வைத்து ஏற்றி எடுத்துக்கொள்கிற இழைக்குத் திரி நூல் எடுத்து வைத்துவிட்டேன். யார் யாருக்கு இழை வேண்டும் என்று எண்ணும்போது அவளையும் சேர்த்துத்தான் எண்ணினேன். நீ அங்கே எங்கே போய் இழை எடுத்துக்கொள்வாய்? கோயிலுக்கு நேரத்தோடு போ.

பேப்பர் தட்டு வேண்டாம். அங்கே தேக்காச் சந்தையில் வாழை இலை கிடைக்கும், எட்டுக்குப் பத்தாக வாங்கு. கவுனி அரிசியை மறக்காமல் நாளை ராத்திரி ஊறவை. பணியாரம் முதலில் ஒன்று சரியாக வராது, கலங்காதே.

வள்ளியின் நம்பர் பழைய நம்பர்தானா என்று மட்டும் எழுது. அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆத்தா