தலைமைக் குழுவில் சோகை கட்டத் தெரிந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரும்புச் சோகை (வெட்டிய பின் வயலில் கிடக்கும் காய்ந்த இலை), வைக்கோல், மரத்தூள் இவற்றிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எரிசாராயமான எத்தனால் எடுக்கப் போகிறோம் என்று கிளம்பும் புதுக் கம்பெனிகளைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்பதெல்லாம் இருக்கும். அதை நடத்தப் போகிறவர் யார், இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் இருக்காது. நான் வேலூர் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் 27 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன், அதனால்தான் இது எனக்கு உறுத்துகிறது.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் ஊருக்கு மூன்று பேர் வந்தார்கள். உங்கள் சோகையை இனிமேல் கொளுத்த வேண்டாம், நாங்களே எடுத்துக்கொள்கிறோம், டன்னுக்கு இவ்வளவு தருகிறோம் என்றார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். கையில் ஒரு கலர் புத்தகம், அதன் கடைசிப் பக்கத்தில் தலைமைக் குழு என்று எட்டுப் பேர் படம். வெளிநாட்டில் எம்பிஏ படித்தவர், பேங்கில் இருந்தவர், சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தியவர், நுண்ணுயிர் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு அம்மா. எட்டுப் பேரில் ஒருவர்கூட ஒரு சாராய ஆலையிலோ காகித ஆலையிலோ ஒரு சீசனாவது ஓட்டியவர் இல்லை.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். கரும்புச் சாற்றிலோ, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸிலோ ஈஸ்ட் விட்டால் அது பாட்டுக்குப் புளித்துவிடும். சோகையில் இருக்கிற சர்க்கரை அப்படிக் கைக்கு வராது, செல்லுலோஸ் என்ற நீளச் சங்கிலியாக, செடிக்கு இறுக்கம் தரும் லிக்னின் என்ற பொருளோடு பின்னிக் கிடக்கும். ஆவியும் அமிலமும் போட்டு முதலில் அதை இளக்க வேண்டும், அப்புறம் என்சைம் என்ற நொதி போட்டுச் சங்கிலியை வெட்ட வேண்டும், அதிலும் ஒரு பகுதி சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடவே தொடாது. அந்த என்சைமுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணியை மக்க வைத்த ஒரு பூஞ்சையை எல்வின் ரீஸ், மேரி மண்டல்ஸ் போன்றவர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ரீஸ் பெயரிலேயே அதை டிரைக்கோடெர்மா ரீசி என்கிறார்கள். இன்றைக்கும் செல்லுலோஸை வெட்டும் என்சைமுக்குப் பெரும்பாலும் அந்தப் பூஞ்சைதான் ஆதாரம். அந்த ஆராய்ச்சி இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை, அந்த அம்மாவின் படிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் பரிசோதனைக் கூடத்தில் கழுவிக் காயவைத்த சோகை வேறு, மழை பெய்த மறுநாள் பாலாற்றங்கரைக் கழனியிலிருந்து மண்ணோடு லாரியில் வந்து இறங்குவது வேறு. எங்கள் ஆலையில் சாறு பிழிந்த ஈரச் சக்கை, பாய்லருக்கு இறங்கும் குழாயில் அடைத்துக்கொண்டால் ராத்திரி இரண்டு மணிக்குக் கடப்பாரையோடு நாலு பேர் நிற்போம், ஆவி அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும், மில் பக்கத்திலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கேட்பார்கள். எங்கள் ஃபோர்மேன் ஒருவர், பத்தாவதுகூட முடிக்காதவர், ஒரு பிடி சக்கையை எடுத்து இறுக்கிப் பிடித்து விரலை விரிப்பார். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், மில்லில் ரோலரைப் பாருங்கள் என்பார். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. உள்ளங்கையில் ஒட்டும் மணலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, இந்த லோடை ஓரமாகக் கொட்டுங்கள், பாய்லர் டியூப் தேய்ந்துவிடும் என்பார். எம்பிஏ படத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் படம் இருந்தால் நான் நம்பியிருப்பேன்.

அமெரிக்காவிலேயே நடந்ததைப் பாருங்கள். ரேஞ்ச் ஃப்யூவல்ஸ் என்ற கம்பெனிக்குப் பணம் போட்டு முன்நின்றவர் வினோத் கோஸ்லா, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். தொடக்கத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்த மிட்ச் மாண்டிச் ஆப்பிளில் விற்பனைப் பிரிவைப் பார்த்தவர். இருவரும் அவரவர் துறையில் பெரியவர்கள். 2007 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் பைன் மரத்துண்டிலிருந்து எத்தனால் எடுக்க ஆலை வேலை தொடங்கினார்கள், அரசு 76 மில்லியன் டாலர் வரை மானியம் அறிவித்தது, 80 மில்லியன் டாலர் கடனுக்கும் உத்தரவாதம் கொடுத்தது. 2010-ல் வந்தது எத்தனால் இல்லை, மெத்தனால் என்ற வேறு சாராயம், 2011 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். கோஸ்லா ஆதரித்த இன்னொரு கம்பெனி கையோர், மரத்திலிருந்து எரிபொருள் எடுக்க வந்தது. அதற்கு மிசிசிப்பி மாநிலம் 75 மில்லியன் டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, 2014 நவம்பரில் அது திவால் மனு போட்டது. சரி, விஞ்ஞானிகளே நடத்தினால்? மஸ்கோமா கம்பெனியை 2005-ல் தொடங்கிய லீ லிண்ட், சார்லஸ் வைமன் இருவரும் இந்தத் துறையில் உலகம் மதிக்கும் பேராசிரியர்கள். அவர்கள் உருவாக்கிய ஈஸ்ட் இன்னொரு கம்பெனிக்கு விற்பனையாகி நிலைத்தது, மிச்சிகனில் திட்டமிட்ட மர எத்தனால் ஆலை வரவே இல்லை. டூபாண்ட் மாதிரி பெரிய கம்பெனிகூட அயோவாவில் 2015-ல் திறந்த சோளத்தட்டை எத்தனால் ஆலையை இரண்டே வருஷத்தில் கைவிட்டது.

நம் நாட்டில் கொஞ்சம் நிதானமாகச் செய்கிறார்கள். ஹரியானா மாநிலம் பானிபட்டில் 2022 ஆகஸ்ட் 10-ல் திறந்த இந்தியன் ஆயிலின் ஆலை, 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, வருஷத்துக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோல், மூன்று கோடி லிட்டர் எத்தனால் என்பது இலக்கு. தொழில்நுட்பம் புனேயின் பிராஜ் நிறுவனத்துடையது. பிரமோத் சௌத்ரி தொடங்கிய அந்த நிறுவனம் பல வருஷம் சாராய ஆலைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வைக்கோலுக்கு வந்தது. அந்த வரிசை எனக்குப் பிடிக்கிறது.

ஆனால் பானிபட்டை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். இங்கே வைக்கோல் மாட்டுக்கு, கோடையில் ஒரு கட்டு வாங்க அலைய வேண்டும். கரும்புச் சக்கை ஆலை பாய்லருக்கே வேண்டும், மிஞ்சினால் காகித ஆலைகள் கேட்கும். மல்லாட்டைத் தோலை, அதாவது நிலக்கடலைத் தோலை, செங்கல் சூளைக்காரர் வாங்குகிறார். மிஞ்சுவது சோகையும் ஏரியில் மண்டிய சீமைக்கருவேலமும்தான். வந்த மூன்று பேரும் சக்கை சும்மா கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கரும்பை வெட்ட ஆலை தரும் கட்டிங் ஆர்டருக்காகக் காத்திருந்த ஒரு விவசாயியையோ, ஒரு கரும்பு அலுவலரையோ அந்தக் குழுவில் வைத்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

கழிவுநீருக்கு யார் பொறுப்பு என்றும் கேட்டேன், பதில் வரவில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பே கொடுத்த மாவட்டம் இது. இங்கே அதற்கென்று ஒரு பொறியாளர் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டாமா?

2006 வாக்கில் எங்கள் அப்பா ஒன்றரை ஏக்கர் கொல்லையில் மல்லாட்டையை விட்டுவிட்டு, டீசலுக்குப் பதிலாக எண்ணெய் எடுக்கலாம் என்று சொன்ன காட்டாமணக்கு வைத்தார். விதையைக் கிலோ இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிப் போனவர்கள் அப்புறம் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அவர்களிடமும் ஒரு கலர் புத்தகம் இருந்தது. அப்பா அதைப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார், கேட்க ஆள் வருவார்கள் என்று.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கம்பெனியைப் பேட்டி எடுக்கும்போது, இதற்கு முன் எந்த ஆலையை ஓட்டினீர்கள், அது எத்தனை நாள் நிற்காமல் ஓடியது, சோகை கட்டும் மிஷின் யாருடையது, மழையில் நனைந்த சோகைக் கட்டுகளை எடுப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே போடுங்கள். எங்கள் ஊரில் அந்த எட்டுப் பேர் படத்தை இன்னும் நாலு வீட்டில் வைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்க்கரை ஆலைத் தொழிலாளி,
வேலூர் மாவட்டம்