செயலாளர் ஆண்டறிக்கை: தோட்டத்து ஹைலக்ஸ் பாறை ஏறிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் குறிப்புகள் எல்லாருக்கும் முன்பே அனுப்பப்பட்டுவிட்டன. செயலவைக் கூட்டங்கள் முறையாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் போய்ச் சேர வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் விதி. போன முறை காலத்தோடு அனுப்பினோம், இந்த முறையும் அனுப்புவோம். நிர்வாகச் செய்தி இவ்வளவுதான். மிச்ச நேரத்தை நான் நம் பட்டறையில் நிற்கும் அந்தப் பழைய ஹைலக்ஸ் பிக்கப்புக்குக் கொடுக்கிறேன். அதைப் பழுது பார்த்துப் பாறை ஏறும் வண்டியாக மாற்றியதுதான் இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலை.

பக்கத்துத் தோட்டம் ஒன்று பழைய வண்டிகளை டெண்டரில் விற்றபோது சங்கத்தின் பெயரில் எடுத்த வண்டி அது. டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, 2.8 லிட்டர் 3எல் டீசல் இன்ஜின். துருப்பிடித்த காடிக்குச் சந்தாப் பணத்தைக் கொட்டலாமா என்று சென்ற ஆண்டு சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இந்த வண்டியின் முன் ஆக்சில் இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே துண்டு. அதன் மேல் பட்டை ஸ்பிரிங். பின்னால் வந்த ஹைலக்ஸுகளில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். தார்ச்சாலையில் அது சுகம். பாறையில் ஒரு சக்கரம் மேலே ஏறும்போது மறு சக்கரம் கீழே அழுத்தப்பட வேண்டும். ஒரே துண்டு ஆக்சில் அதைத் தானாகவே செய்துவிடும். இன்ஜினிலும் கம்ப்யூட்டர் கிடையாது. டீசலும் காற்றும் சரியாக இருந்தால் ஓடும். உதிரிப் பாகத்துக்கும் பஞ்சமில்லை. கோலா மூ, போஸ் பியா பக்கம் மண் சாலைகளில் தெமியார் பூர்வகுடி மக்கள் நான்கு சக்கர இயக்க வண்டிகளைத்தான் நம்பி இருக்கிறார்கள். அதனால் ஈப்போ வரைக்கும் உள்ள, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் போத்தோங் கடைகளில் பழைய ஹைலக்ஸ் சாமான் தேடுவது பெரிய பாடில்லை.

வண்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து, பின் தொட்டியைக் கழற்றிய அன்றுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. தோட்டத்தில் இதன் முக்கிய வேலை உரம் ஏற்றுவது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஓர் உப்பு. மூட்டையிலிருந்து சிந்திய தூள் தொட்டியின் இடுக்கு வழியாக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குள் இறங்கி, நம் ஊர்க் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்தபடியே இரும்பைத் தின்றிருக்கிறது. வெளியே பெயின்ட் பளபளப்பு. பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் அழுத்தினால் உள்ளே போகிறது.

அந்த இடத்தில்தான் நம் பெரியவர் வந்து சேர்ந்தார். தோட்டத்துப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிராக்டர் முதல் பால் லோரி வரை கையால் பிரித்துப் பார்த்தவர். சிறு சுத்தியலை இளைஞர் ஒருவரிடம் கொடுத்து, "இங்க தட்டு தம்பி. இப்ப ரெண்டு சாண் முன்னால தட்டு. கேக்குதா?" என்றார். நல்ல இடத்தில் மணிபோல ஓசை எழுந்தது. அரித்த இடத்தில் சத்தம் உள்ளேயே அமுங்கிவிட்டது. அன்று மாலை முழுக்க முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் சாக்பீஸால் கோடு போட்டார்கள். அந்தக் கோடுகள் மேல்தான் கிரைண்டர் வைத்தோம்.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பல உறுப்பினர்கள் வீட்டிலேயே சேசிஸ் ஒட்டுகிறார்கள். அரித்த இரும்பின் மேலேயே தகடு வைத்து ஒட்டினால் தகடு நிற்கும், அடியில் இருக்கும் இரும்பு நிற்காது. நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். சேசிஸின் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் போடக் கூடாது. அந்தக் கோட்டில்தான் பாரம் முழுக்கக் கூடி, அங்கேயே விரிசல் விடும். தகட்டின் முனையைச் சாய்வாக, மீன் வாய் மாதிரி வெட்டி, பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும்படி ஒட்டினோம். தொடங்கும் முன் டீசல் தொட்டியை இறக்கினோம், பேட்டரி வயர்களைக் கழற்றினோம். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் போய்விடும். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சேசிஸ் எண் குத்தியிருக்கும் பகுதியில் மட்டும் யாரும் கிரைண்டரைக் கொண்டுபோகவில்லை. அந்த எண் அழிந்தால் பரிசோதனையில் வண்டி தேறாது, வண்டிப் பதிவுப் பத்திரமான கிராண்ட் கையில் இருந்தும் பயனில்லை. முடித்த பிறகு உள்ளே தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கழுவி, காயவைத்து, துத்தநாக பிரைமர் அடித்து, மெழுகு தெளித்தோம். தண்ணீர் வடியும் துளைகள் மண் அடைத்துக் கிடந்தன. அவற்றைத் திறந்துவிட்டதும் முக்கியமான வேலைதான்.

தைப்பூச மாதம் பட்டறை மூடியிருந்தது. அதற்குப் பிறகு முன் ஆக்சிலைப் பிரித்தோம்.

சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாக ஒரு கூடு இருக்கும், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதற்குள்தான் பர்ஃபீல்ட் ஜாயின்ட் இருக்கிறது. சக்கரம் திரும்பியிருந்தாலும் ஆக்சிலின் சுழற்சியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. கிண்ணத்துக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஆறு எஃகுக் குண்டு. நம் வண்டியில் அதைத் திறந்தபோது கெட்டியான கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கஞ்சிதான் ஒழுகியது. உள் சீல் போய்விட்டால், ஆக்சில் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் எண்ணெய் கூட்டுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். ஆக, கூட்டுக்கு வெளியே எண்ணெய்க் கசிவு தெரிந்தால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே ஜாயின்ட் வெறும் இரும்பாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சீல், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். கூட்டைத் தாங்கும் மேல் கீழ் பேரிங்குகளின் இறுக்கத்தை மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்ய வேண்டும். இறுக்கம் எவ்வளவு என்று அளப்பதற்கு மீன் கடைக்காரர் தொங்கவிடும் ஸ்பிரிங் தராசை வாங்கி வந்து, ஸ்டியரிங் கையில் மாட்டி, கூடு அசையத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தோம். தயாரிப்பாளர் கையேடு சொல்லும் முறையும் அதேதான். தொழிற்கல்லூரியில் படிக்கும் நம் உறுப்பினரின் மகள் இதைப் பொறுமையாகச் செய்தார். ஒரு ஷிம் போட்டு, கழற்றி, மெல்லியதை மாற்றி, இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும் வரை விடவில்லை. அந்தக் கை இந்தச் சங்கத்துக்கு வேண்டும். அவரை முழு உறுப்பினராகச் சேர்க்கும் விண்ணப்பம் இன்று வருகிறது.

இனி, செயலவையில் அதிகம் விவாதித்த விஷயம். இளைஞர்கள் முதலில் பெரிய டயர் கேட்டார்கள். டயர் அழகு, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள்: 31 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குலம் போட்டால் ஆக்சில் உயர்வது ஓர் அங்குலம்தான். அதே சமயம் இன்ஜின் இழுக்க வேண்டிய பாரம் கூடும், ஜாயின்ட் தாங்க வேண்டிய முறுக்கும் கூடும். பாறைக்கு முதலில் வேண்டியது தாழ்ந்த கியர். நம் வண்டியின் முதல் கியர் நாலுக்குச் சற்றுக் குறைவு, இழுவையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.28, டிஃபரன்ஷியலில் பல் எண்ணிப் பார்த்தால் பெரிய சக்கரத்தில் 41, சிறியதில் 10, ஆக 4.10. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 37. இன்ஜின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்பற்களை 4.7 செட்டுக்கு மாற்றினால் அதே கணக்கு 76 ஆகிறது. வண்டி நடக்கும் வேகத்துக்கும் கீழே போகும், கிளட்ச்சைக் கருக்க வேண்டாம், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். சேர்ந்த பணத்தை இந்தச் செட்டுக்குத்தான் செலவழித்தோம். பழைய 31 அங்குல டயர்களே கிடக்கட்டும் என்று விட்டோம். இது சரியான முடிவு என்று உறுதியாகச் சொல்கிறேன்.

சோதனை ஓட்டத்துக்கு, கைவிடப்பட்ட ஒரு கல்லுடைப்புக் களத்தின் உரிமையாளர் எழுத்துமூலம் அனுமதி தந்தார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. நம் வட்டாரச் சுண்ணாம்புக் கல் காய்ந்திருந்தால் டயரை நன்றாகப் பிடிக்கும். மழை பெய்து பாசி படிந்துவிட்டால் அதே கல்லில் மனிதனே நிற்க முடியாது. அதனால் காலையில் வெயில் ஏறிய பிறகுதான் வண்டியை இறக்கினோம். டயர் காற்றை 30இலிருந்து 15 பிஎஸ்ஐக்குக் குறைத்ததும் ரப்பர் கல்லின் மேடுபள்ளத்தில் அப்பிக்கொண்டது.

நம்மில் பெரும்பாலோர் சேற்றில் ஓட்டிப் பழகியவர்கள். 1997இல் நம் நாட்டில் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டு வண்டிப் போட்டி தொடங்கியதிலிருந்து, காட்டு ஓட்டம் என்றாலே மழை, சேறு, சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச் என்று மனத்தில் பதிந்துவிட்டது. சேற்றில் சக்கரத்தை வேகமாகச் சுற்றினால் டயரின் பள்ளங்களில் ஒட்டிய மண் தெறித்து விலகும், பிடி கிடைக்கும். பாறையில் சக்கரம் சுற்றினாலே பிடி போய்விட்டது என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் காலைக் கட்டுப்படுத்துவதுதான் அன்று பலருக்கும் சிரமமாக இருந்தது.

அன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மதியத்துக்கு மேல், ஒரு படிக்கல்லின் மேல் முன் சக்கரம் ஏறாமல் நின்றபோது, ஓட்டிய தம்பி ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். வலது பர்ஃபீல்ட் போய்விட்டது. ஸ்டியரிங் முழுக்கத் திரும்பிய நிலையில் குண்டுகள் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்துவிடும், ஜாயின்ட் மிகப் பலவீனமாக இருக்கும் கோணம் அது. தாழ்ந்த கியர் போட்ட பிறகு முறுக்கும் இரண்டு மடங்கு. அந்த நிலையில் மிதிக்கவே கூடாது. சற்றுப் பின்வாங்கி, சக்கரத்தை நேராக்கி, வேறு கோணத்தில் ஏற வேண்டும். உடைந்த துண்டுகள் கூட்டுக்குள் சிக்கினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும் என்பதால், அப்படியே ஓட்டிக்கொண்டு வரவும் வழியில்லை. தார்பாய் விரித்து அங்கேயே பிரித்தார்கள். பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கை வைக்கவில்லை. பட்டறையில் கற்றவர்களே கழற்றி, கூட்டைத் துடைத்து, கிரீஸ் நிரப்பிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த மாற்று ஜாயின்ட்டை மாட்டி, இருட்டும் முன் வண்டியைத் தன் காலிலேயே களத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். எனக்கு இந்த ஆண்டில் மிகவும் மனம் நிறைந்த நேரம் அது.

பாதுகாப்பு விதிகளை இனி எழுதியே ஒட்டப் போகிறோம். வழிகாட்டிக் கை காட்டுபவர் ஒருவர் மட்டுமே; பக்கத்தில் நின்று ஆளுக்கொரு திசை கத்தினால் ஓட்டுநர் குழம்புவார். கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிகளுக்குள் விடாதீர்கள், சக்கரம் கல்லில் அடித்தால் ஸ்டியரிங் திருப்பி உதைக்கும், விரல் முறிந்துவிடும். வண்டி சாயும்போது கையை வெளியே நீட்டித் தாங்கப் பார்ப்பது மனித இயல்புதான். அதனால்தான் சீட் பெல்ட்டும் ஜன்னல் வலையும் கட்டாயம். வின்ச் கம்பி இழுபடும்போது சிறுவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஆற்றுக்குள் இருக்கும் கருங்கல் பாறைகளில் ஓட்டலாமே என்று கேட்ட நண்பர்களுக்கு: செயலவை அதை ஏற்கவில்லை. சுங்கை பிளஸ் கரையோரம் குளிக்கவும் குடிக்கவும் அந்தத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நம் டிஃபரன்ஷியல் எண்ணெய் கலக்கக் கூடாது. வனக் காப்பு நிலத்துக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு வேலை மிச்சம் இருக்கிறது. பின் டிஃபரன்ஷியல் இன்னும் சாதாரணமானதுதான். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் சுழற்சியெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய், தரையில் இருப்பது சும்மா நிற்கிறது. உள்பற்களை ஒன்றாக வெல்டிங் செய்துவிட்டால் செலவே இல்லை என்று ஒரு யோசனை வந்தது. நான் அதற்கு எதிராகவே பேசினேன். இந்த வண்டிக்குச் சாலை வரி கட்டி, முறையான பரிசோதனையோடு ரோட்டிலும் ஓட்ட வேண்டும் என்பது நம் நோக்கம். இரண்டு சக்கரமும் எப்போதும் பூட்டியே இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் டயர் தேயும், ஆக்சில் முறுகும், மழையில் பின்பக்கம் இழுக்கும். வேண்டும்போது மட்டும் காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லாக்கர் விலை கூடுதல்தான். இருந்தாலும் அதற்கே சேர்ப்போம். மாற்றியமைத்த பாகங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் என்னென்ன அனுமதி வேண்டும் என்று துணைச் செயலாளர் விசாரித்து வருகிறார்.

ஏர் லாக்கருக்குத் தனி நிதி தொடங்கவும், ஞாயிறு காலைப் பட்டறை வகுப்பைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவிடவும் இரண்டு தீர்மானங்கள் உங்கள் முன் வருகின்றன. பெரியவர் வாரா வாரம் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட, காடி வைத்திருப்பவர்கள் முறை வைத்துப் பெயர் கொடுங்கள். தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்