கிளைக்குழாயில் என்ன செய்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைப் படமெடுத்துப் பார்ப்பது), ஸ்டென்ட் (அடைப்பை விரித்துத் தாங்க உள்ளே வைக்கும் கம்பிவலைக் குழாய்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நேராக ஓடும் ரத்தக்குழாயில் வரும் அடைப்பைப் பொறுமையாக விளக்கியவர், குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வரும் அடைப்பை இரண்டே வரியில் முடித்துவிட்டார். ஜனங்கள் குழம்பி நிற்பது அந்த இடத்தில்தான். நான் ஈரோடு மாவட்டம் சிவகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கோயமுத்தூர், ஈரோடு, பெருந்துறை என்று எங்கே போய் வைத்தியம் பார்த்து வந்தாலும் மாத்திரைக்கு உள்ளூர்க் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை மேசை மேல் விரித்து, "இதுல என்னங்ணா எழுதியிருக்குது?" என்பார்கள்.

கொஞ்ச நாளைக்கு முன் தறி ஓட்டும் பையன் ஒருவன் அப்பாவின் சம்மரியோடு வந்தான். எல்.ஏ.டி.க்கு (இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாய்) ஸ்டென்ட் என்று ஒரு வரி, அதற்குக் கீழே டி1-க்கு (அதிலிருந்து பிரியும் முதல் கிளை) டி.சி.பி. என்று ஒரு வரி. இரண்டாவது வரியில் விரலை வைத்து, "ஏனுங்ணா, இந்த டி.சி.பி. மாத்திரைய மட்டும் சீட்டுல எழுதாம உட்டுட்டாங்களாட்ட இருக்குது. உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றான். அது மாத்திரை இல்லை, மருந்து பூசிய பலூன் என்று சொன்னேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை, விரித்துவிட்டு எடுத்துவிட்டார்கள் என்றதும் பையன் முகம் வாடிப்போயிற்று. பக்கத்து பெட்டுக்காரருக்கு மூன்று ஸ்டென்ட் வைத்தார்களாம். தன் அப்பாவுக்கு ஒன்றோடு நிறுத்திவிட்டார்களே என்று அவனுக்குக் கவலை.

அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? நம் பக்கம் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் "மாமனுக்கு எத்தன வெச்சிருக்குதுங்க?" என்றுதான் விசாரிக்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் கவனிப்பும் கூடியது என்று கணக்கு. கிளை பிரியும் இடத்து அடைப்பில் இந்தக் கணக்கு அடியோடு தப்பு.

கீழ்பவானி வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கிளை பிரியும் இடத்தில் தண்ணீர் சுழித்துத் தயங்கும், வண்டல் படியும். மெயின் வாய்க்காலை நெக்கி அகலப்படுத்தினால் அந்த வண்டல் சரிந்து கிளையின் வாயில் போய் உட்காரும். இதயத்திலும் அதேதான். பெரிய குழாயில் ஸ்டென்டை விரிக்கும்போது கொழுப்பு நகர்ந்து கிளை வாயைச் சுருக்குகிறது. போதாததற்கு ஸ்டென்டின் கம்பிகளும் அந்த வாயின் குறுக்கே நிற்கும். ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய் அடைப்பைப் பலூனாலோ ஸ்டென்டாலோ விரிக்கும் சிகிச்சை) செய்துகொள்கிறவர்களில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேருக்கு அடைப்பு இப்படிப் பிரியும் இடத்தில்தான் இருக்கிறது. அபூர்வமான விஷயம் இல்லை.

இதற்குப் பெரும்பாலான டாக்டர்கள் பின்பற்றும் வழி, முதலில் பெரிய குழாயில் மட்டும் ஸ்டென்ட் வைத்துவிட்டுக் கிளையைப் பார்ப்பது. ஓட்டம் நன்றாக இருந்தால் கிளையைத் தொடுவதே இல்லை. "கிளையில அடைப்பு இருக்குதுன்னு படத்துல காட்டினாங்க, அப்புறம் ஒண்ணுமே பண்ணலீங்க" என்று என்னிடம் வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு தென்கொரிய ஆய்வு. 2005-இல் வெளியானது. பெரிய குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, படத்தில் 75 சதவீதமும் அதற்கு மேலும் சுருங்கித் தெரிந்த 73 கிளைகளில் மெல்லிய கம்பியை விட்டு ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். உண்மையிலேயே ஓட்டம் பாதிக்கப்பட்டிருந்தது 20 கிளைகளில் மட்டும். படம் பயமுறுத்தும் அளவுக்கு நிலைமை மோசமில்லை என்பது அளந்தால்தான் தெரிகிறது. கிளை பெரியதாக இருந்து, அடைப்பு உள்ளே நீளமாகப் போயிருந்தால் அங்கேயும் ஸ்டென்ட் தேவைப்படும். எல்.ஏ.டி.க்குத் தாய்க்குழாயான இடது பிரதானக் குழாய் முடிந்து பிரியும் இடத்தில் முதலிலேயே இரண்டு ஸ்டென்ட் வைப்பது நல்லதா என்பதில் டாக்டர்களே இரண்டு கட்சி.

கிளையைத் தொடாமல் விடுவதற்கும் ஸ்டென்ட் வைப்பதற்கும் நடுவில் வந்து சேர்ந்ததுதான் மருந்துப் பலூன். வெறும் பலூன் பழைய சங்கதி. 1977-இல் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் செய்த முதல் ஆஞ்சியோபிளாஸ்டியே அதுதான். விரித்த இடம் மறுபடி சுருங்குகிறது என்று ஸ்டென்ட் வந்தது. ஸ்டென்டுக்குள்ளேயே சதை வளர்ந்து அடைக்கிறது என்று மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. அதே மருந்தைப் பலூனில் பூசினால் என்ன என்று ஜெர்மன் டாக்டர்கள் செய்து பார்த்து 2006-இல் எழுதினார்கள். பெரும்பாலும் பாக்லிடாக்செல்தான் பூசுகிறார்கள், புற்றுநோய்க்குக் கொடுக்கிற அதே மருந்து. சாதாரணப் பலூனால் முதலில் வழியைச் சரிசெய்துவிட்டு, மருந்துப் பலூனை அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஊதிப் பிடிக்கிறார்கள். மருந்து குழாய்ச் சுவரில் ஏறிக்கொள்கிறது, பலூன் வெளியே வந்துவிடுகிறது. கிளைக்குள் கம்பி எதுவும் தங்குவதில்லை.

இதற்கு ஆதாரமும் வந்திருக்கிறது. 784 பேரை வைத்துச் செய்த டி.சி.பி.-பிஃப் ஆய்வின் முடிவு 2024-இல் வெளியானது. பெரிய குழாயில் ஸ்டென்ட் வைத்தபின் சுருங்கிப்போன கிளைக்குப் பாதிப் பேருக்குச் சாதாரணப் பலூன், பாதிப் பேருக்கு மருந்துப் பலூன். ஓராண்டுக்குள் பெரிய இதயப் பாதிப்பு வந்தது முதல் வகையில் 12.5 சதவீதம், மருந்துப் பலூனில் 7.2 சதவீதம். குறைந்தது முக்கியமாக மாரடைப்பு.

உடனே எல்லா இடத்துக்கும் பலூனே போதும் என்று யாராவது கிளம்பினால் அதையும் நம்ப வேண்டாம். அதே 2024-இல் லான்செட்டில் வந்த சீன ஆய்வில், முதன்முதலாக அடைப்பு வந்த குழாய்களுக்கு மருந்துப் பலூனை ஸ்டென்டோடு ஒப்பிட்டார்கள். இரண்டாண்டு முடிவில் பாதிப்பு பலூனில் 6.4 சதவீதம், ஸ்டென்டில் 3.4 சதவீதம். "உடம்புக்குள்ள இரும்பே வேண்டாமுங்க" என்று அடம்பிடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பலூன் பொருந்துகிற இடம் இருக்கிறது, பொருந்தாத இடமும் இருக்கிறது.

என் தொழிலோடு ஒட்டியது மாத்திரை விஷயம். கிளைக்குப் பலூன்தானே, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததைச் சீக்கிரம் நிறுத்தலாம் என்று சிலர் தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். பலூன் மட்டும் செய்தவர்களுக்கு அந்தக் காலம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பெரிய குழாயில் ஸ்டென்ட் உட்கார்ந்திருக்கும்போது மாத்திரைக் கெடுவைத் தீர்மானிப்பது அந்த ஸ்டென்ட். மாரடைப்பு வந்து வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு, மாரடைப்பு இல்லாமல் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலோ டிகாக்ரெலோரோ சேர்ந்து போகும். பல் பிடுங்கப் போகிறேன் என்று இரண்டையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வந்து என்னிடம் சாதாரணமாகச் சொன்னவர் உண்டு. எனக்குத்தான் கை நடுங்கியது. இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை கூட விடக்கூடாது.

விலையில் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, பிறகு அவ்வப்போது திருத்தி வருகிறார்கள். ஸ்டென்டின் விலை, பிராண்ட், பேட்ச் எண்ணைப் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. ஆனால் அந்த உச்சவரம்பு ஸ்டென்டுக்குத்தான், பலூனுக்கு இல்லை. ஆகவே மருந்துப் பலூன் என்ன விலை, முதலமைச்சர் காப்பீட்டிலோ தனியார் காப்பீட்டிலோ அது சேருமா என்பதை அட்மிஷன் போடும்போதே கேட்டுவிட வேண்டும்.

என் ஆதங்கம் ஒன்றுதான். நெஞ்சுவலியோடு ஆம்புலன்ஸில் வந்தவருக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது, சரி. ஆஞ்சியோ முடிந்து, தேதி குறித்துச் செய்கிறவர்களுக்கு என்ன அவசரம்? ஆள் உள்ளே மேசையில் படுத்திருக்கும்போது கேத் லேப் (இந்தச் சிகிச்சை செய்யும் அறை) கதவைத் திறந்து ஒருவர் வந்து, "கிளையிலும் இருக்கிறது, இன்னொன்று போட்டுவிடலாமா, இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றால் வீட்டம்மா என்ன சொல்லுவார்? "போடுங்க சாமி" என்பார், வேறென்ன. கிளையைத் தொடாமல் விடலாமா, அழுத்தம் அளந்து பார்ப்பீர்களா, பலூனா, ஸ்டென்டா என்பதை முந்தின நாளே படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டால் இந்தக் கதவோரக் கையெழுத்துக்கு வேலையே இல்லை. உள்ளே போனபின் திட்டம் மாறலாம், அதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

சம்மரியில் தமிழிலும் நான்கு வரி வேண்டும்: பெரிய குழாயில் எத்தனை ஸ்டென்ட், கிளையில் என்ன செய்தோம் அல்லது ஏன் தொடவில்லை, எந்த மாத்திரை எந்தத் தேதி வரை, பல்லோ வேறு ஆபரேஷனோ என்றால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கொடுப்பது அரசுதான். அந்தத் திட்டத்தில் இருக்கிற மருத்துவமனைகளிலாவது இதைக் கட்டாயமாக்கச் சொல்லி மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் தங்கள் இதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
சிவகிரி, ஈரோடு மாவட்டம்.