வாஷிங்டன்கள் எல்லோரும் ஒரே பண்ணையிலிருந்து வந்தவர்கள் அல்லர்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை பெரிதும் பயனுள்ளது. ஆயினும், அமெரிக்காவில் இன்று வாஷிங்டன் என்ற பெயரைத் தாங்கும் கறுப்பின மக்களின் முன்னோர் அனைவரும் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகளாக இருந்தவர்களே என்ற பொருள்பட அதில் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை.

வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியிலுள்ள வாஷிங்டன் என்ற ஊரின் நிலவுரிமையை 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெற்ற வில்லியம் டி ஹார்ட்பர்ன், அக்கால நிலக்கிழார்களின் வழக்கப்படி, பழைய ஊர்ப்பெயரை விட்டுப் புதிய ஊரின் பெயரைச் சூடிக்கொண்டார். அவர் வழிவந்தவர்களில் கம்பளி வணிகரான லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர், மடாலயச் சொத்துகளை அரசு பறித்து விற்ற காலத்தில், 1539இல் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அதே குடும்பத்து ஜான் வாஷிங்டன் 1650களில் வர்ஜீனியாவில் குடியேறினார்; அவருடைய கொள்ளுப்பேரர்தான் ஜார்ஜ். அவருக்கோ பிள்ளைகள் இல்லை.

ஆனால் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இப்பெயர் கொண்டோர் 1,63,036 பேர். அவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் கறுப்பினத்தவர். இந்தப் பரவலுக்கு எசமான்-அடிமை உறவு மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது. ஜார்ஜின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 1799இல் இருந்த அடிமைகள் 317 பேர். அவர்களில் ஜார்ஜுக்கே உரியவர்கள் 123 பேர்தான். அமெரிக்க விடுதலைப் போரின் களங்களிலெல்லாம் அவருடன் இருந்து, அவருடைய உயிலால் விடுதலை பெற்ற வில்லியம் லீகூட, முந்தைய உரிமையாளரின் பெயராலேயே இறுதிவரை அறியப்பட்டார். மறுபுறம், அப்பண்ணையிலிருந்து தப்பி ஆங்கிலேயப் படையிடம் அடைக்கலம் புகுந்த ஹாரி என்பவர், 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியோரின் பட்டியலில் ஹாரி வாஷிங்டன் என்றே பதிவாகியிருக்கிறார். விட்டு ஓடிவந்த எசமானின் பெயரோடுதான் அவர் கனடாவின் நோவா ஸ்கோஷியா வழியாக ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்கும் போய்ச் சேர்ந்தார்.

தாமே தெரிந்தெடுத்தவர்களும் உண்டு. கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன், உள்நாட்டுப் போருக்குப் பின் பள்ளியில் சேர்ந்தபோது, மற்ற மாணவர்களுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு, ஆசிரியர் கேட்டதும் தம் பெயர் புக்கர் வாஷிங்டன் என்று சொல்லிவிட்டதாகத் தம் சுயசரிதையில் எழுதுகிறார். அவர் பிறந்தது வர்ஜீனியாவின் வேறொரு பண்ணையில். வாஷிங்டன் என்பது அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர். ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதைத் தாங்கியோரின் எசமான் இன்னார் என்று முடிவுகட்டுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கட்டுரையின் அப்பகுதிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.