ஐந்து விநாடிக்கும் ஒரு நிமிடக் காசா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார்குடியில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 82. கைப்பேசி அவருக்குப் பழக்கமில்லை. கூடத்து மூலையில் உள்ள பழைய தொலைபேசிதான். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ஐடிடி (வெளிநாட்டுக்கு நேரடி அழைப்பு) போட்டுத்தான் பேசுகிறேன். காது மந்தம்; "ஒண்ணும் கேக்கலப்பா" என்று சட்டென ரிசீவரை வைத்துவிடுவார். திரும்பவும் போடுவேன்.

போன மாத பில்லில் அப்படிப்பட்ட பத்து அழைப்புகள், ஒவ்வொன்றும் 2 நிமிடம் என்று இருந்தன. என் கைப்பேசியில் பார்த்தால் எல்லாமே 1 நிமிடம் 5 விநாடி, 6 விநாடி. மொத்தம் பேசியது சுமார் 11 நிமிடம். காசு கொடுத்தது 20 நிமிடத்துக்கு! தொலைபேசி நிறுவனத்தில் கேட்டால், "ஒரு விநாடி தாண்டினாலும் அடுத்த முழு நிமிடம்தான், விதிமுறையில் இருக்கிறது சார்" என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது நிமிடத்துக்கு இத்தனை காசு என்பதை மட்டும்தானே?

அந்தக் காலத்தில் ஊரில் டிரங்கால் (ஆபரேட்டர் வழியாக வெளியூர் அழைப்பு) போட்டால் மூன்று நிமிடம் ஒரு கணக்கு. முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்று கேட்பார். காசு ஏறப்போகிறது என்று அப்பாவுக்குத் தெரியும், வைத்துவிடுவார். இன்று 61ஆவது விநாடியில் அப்படிச் சொல்ல யாருமில்லை.

எதிர்முனையில் எடுத்த நொடியும் வைத்த நொடியும் இணைப்பகக் கணினியில் துல்லியமாகப் பதிவாகின்றன. ஆறு விநாடிக்கு ஒரு கணக்கு போடும் முறையும் இந்தத் தொழிலில் உண்டு. இந்தியாவில் 2009இலேயே டாடா டொகோமோ என்ற கைப்பேசி நிறுவனம் விநாடிக்கு ஒரு பைசா என்று கொண்டுவந்து, மற்றவர்களையும் அந்த வழிக்கு இழுத்தது. முடியாத காரியமில்லை.

2000 ஏப்ரலில் இங்கே தொலைத்தொடர்புச் சந்தை முழுதாகத் திறக்கப்பட்டபின் ஐடிடி கட்டணம் இறங்கியது உண்மை. அந்த நன்மையை இப்படி முழு நிமிடமாக்கித் திரும்ப எடுத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இங்குள்ள தேக்கா வட்டாரத்தில் காலிங் கார்டு (முன்பணம் கட்டிப் பேசும் அட்டை) வாங்கி ஊருக்குப் பேசிய ஊழியத் தம்பிகளுக்கு இந்த வலி என்னைவிட நன்றாகத் தெரியும். லைன் அறுந்து அறுந்து போகும், ஒவ்வொரு முறையும் ஒரு முழு நிமிடம் கழியும்.

தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் அழைப்பும் எத்தனை விநாடி நீடித்தது, எத்தனை விநாடிக்குக் காசு என்று பில்லில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடச் சொன்னால் போதும். மீதியை நாங்களே கணக்குப் பார்த்துக்கொள்வோம்.

ஒரு வாசகர்,
ஈசூன்