இரவு முழுக்க மெட்ரோ கேட்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

சென்னை மெட்ரோவை 24 மணி நேரமும் ஓட்டச் சொல்லி நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், விடிகாலை விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள், ஊரிலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் வந்து மூட்டையோடு நிற்கிறவர்கள், இவர்களிடம் ஆட்டோவில் கேட்கிற தொகையைக் கேட்டால் யாருக்கும் மெட்ரோ ஞாபகம்தான் வரும். ஆனால் "ராத்திரியில் தண்டவாளம் சும்மாதானே கிடக்கிறது" என்று உங்களில் சிலர் சொல்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

விமான நிலையத்தில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் கடைசி ரயில் மறுமுனையான விம்கோ நகர் போய்ச் சேர நள்ளிரவு ஆகிவிடும். அப்புறம் மேலே கம்பியில் ஓடும் 25,000 வோல்ட் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. கம்பியில் மிச்சம் மீதி இல்லை என்று சோதித்து, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, கட்டுப்பாட்டு அறை அனுமதி கொடுத்த பிறகுதான் ஆள் பாதையில் இறங்கலாம். மின்சாரம் போன பாதையில் மெட்ரோ ரயில் ஓர் அடி நகராது. அதனால்தான் உலகத்துப் பெரும்பாலான மெட்ரோக்களில் பராமரிப்புக்கென்று டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார்கள். பின்னால் தட்டையான வேகன், அதில் தண்டவாளத் துண்டு, கிரேன், ஜெனரேட்டர், விளக்கு, ஆட்கள். நாம் யாரும் ஏறப்போகாத ரயில் அது.

தேய்ந்த தண்டவாளத்தில் ஒரு துண்டை மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழையதை அறுத்து எடுத்துப் புதிய துண்டை இறக்கினால் இரண்டு பக்கமும் வெல்டிங் போட வேண்டும். தெர்மிட் வெல்டிங் என்றால் முனைகளுக்கு நடுவே சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுற்றி வார்ப்பு அச்சைக் கட்டி, விளிம்பெல்லாம் மண் வைத்து அடைத்து, முனைகளைச் சூடாக்கி, மேலே அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த கலவையைப் பற்றவைப்பார்கள். உருகிய எஃகு இறங்கி நிரம்பச் சில விநாடிகள்தான். அதற்கப்புறம் இறுகும்வரை யாரும் தொடக்கூடாது. பிறகு பிதுங்கியதை வெட்டி, கிரைண்டர் போட்டு, அல்ட்ராசோனிக் கருவியால் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எந்தப் படியையும் அவசரப்படுத்த முடியாது. வேலை முடிந்து கருவிகளையெல்லாம் எண்ணி எடுத்து, எஞ்சின் பணிமனைக்குத் திரும்பி, மறுபடி மின்சாரம் கொடுத்து, காலை 5 மணிக்கு ரயில் விட வேண்டும். கழித்துப் பாருங்கள், கையில் மிஞ்சுவது மூன்று மணி நேரம் இருந்தால் பெரிது.

நியூயார்க்கில் ஓடவில்லையா என்பீர்கள். ஓடுகிறது. 1904இல் திறந்தபோதே முக்கியமான வழித்தடங்களில் நான்கு தண்டவாளப் பாதை போட்டுவிட்டார்கள். இரண்டை மூடினாலும் இரண்டு மிச்சம். நடுராத்திரியில் அங்கே பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் முன்னால் மஞ்சள் டீசல் எஞ்சின் குப்பை வண்டியை இழுத்துக்கொண்டு போவது சர்வசாதாரணம். லண்டனில் 2016 ஆகஸ்டில் இரவு ரயில் தொடங்கினார்களே, அதுகூட வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், சில வழித்தடங்களில் மட்டும்தான். உங்களுக்குச் சாதகமான உதாரணம் கோபன்ஹேகன். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தண்டவாளப் பாதை, இருந்தும் விடிய விடிய ஓடுகிறது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு பாதையை மூடி, மற்றதில் இரண்டு திசை ரயில்களையும் விடுகிறார்கள். இங்கே அப்படிச் செய்தால் மேம்பாலத்தில் வெல்டிங் செய்கிறவருக்குப் பக்கத்துப் பாதையில் ரயில் போகும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

நீங்கள் திரட்டும் கையெழுத்தை வேறு இரண்டு கோரிக்கைக்குத் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒன்று, கிளாம்பாக்கத்திலிருந்து விமான நிலையத்துக்கும், விமான நிலையம், சென்ட்ரலிலிருந்து மெட்ரோ போகும் வழியிலேயேயும் இரவுப் பேருந்து, அரை மணிக்கு ஒன்று. சாலைக்கு எர்த் ராடு மாட்ட வேண்டியதில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

இன்னொன்று அந்த வேலை ஆட்களுக்காக. முதல் கட்டப் பாதையில் ஏறக்குறைய பாதி சுரங்கம். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்திலும் சுரங்கம் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. காற்றாடியை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும், எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் மூக்குக்குப் புகை வந்த பிறகுதான் அது வெளியே போகும். லண்டனில் பல பத்தாண்டுகளாகவே பேட்டரி எஞ்சின் வைத்து இரவு வேலையை நடத்துகிறார்கள். எனவே இரண்டாம் கட்டச் சுரங்கத்துக்கு வாங்கும் பராமரிப்பு வண்டி பேட்டரியில் ஓட வேண்டும், டீசல் இருந்தாலும் அது சுரங்கத்துக்கு வெளியேதான் முடுக்கப்பட வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். வண்டி வாங்கிய பிறகு கேட்டால் முப்பது வருஷத்துக்கு அதே வண்டிதான்.

இந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

அன்புடன்,
உங்களோடு மெட்ரோவில் வரும் ஒரு பயணி